லிங்க்கர் கேட்ட 'ஸ்டாக் செக் ஃபெயில்'

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கிருக்கும் பழைய கணினிகளை நெட்வொர்க் வழியாக பூட் செய்ய ஒரு சின்ன ஃபர்ம்வேர் தேவைப்பட்டது. டெபியன் லினக்ஸில் ஒழுங்காக பில்ட் ஆன கோட், உபுண்டு லினக்ஸில் லிங்க் ஆகும்போது, அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது, 'ஸ்டாக் செக் ஃபெயில்: அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (அந்தப் பேரில் ஃபங்ஷனே இல்லை) என்று நின்றுவிட்டது. மாம்பழ சீசன் வேறு.

உபுண்டு 14.10 பதிப்பு முதல் அதன் சி கம்பைலரான ஜிசிசி 'ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங்' என்ற பாதுகாப்பைத் தானாகவே போட்டுவிடும். ஃபங்ஷன் தொடங்கும்போது ஸ்டாக்கில் ஒரு காவல் எண்ணை வைத்து, முடியும்போது அது மாறியிருந்தால் 'ஸ்டாக் செக் ஃபெயில்' ஃபங்ஷனைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. சி லைப்ரரி வேண்டாம் என்று சொல்லும் 'நோ எஸ்டிடி லிப்' ஆப்ஷன் கொடுத்தால் போடாது. பில்ட் கட்டளைகள் இருக்கும் எங்கள் மேக்ஃபைலில் அந்த ஆப்ஷன் லிங்க் வரியில் மட்டும்தான் இருந்தது. கம்பைல் வரிக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் பேர்ல ஒரு காலி ஃபங்ஷன் எழுதிடலாமாண்ணா?" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. லிங்க் ஆகும், சரி. ஆனால் 64 பிட் எக்ஸ்86-இல் காவல் எண் எஃப்எஸ் செக்மென்ட் என்ற நினைவகப் பகுதியின் 40ஆவது பைட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. லினக்ஸில் அதைத் தயார் செய்வது சி லைப்ரரி. பூட் நேரத்தில் அங்கே கிடப்பது என்னவோ, யாருக்குத் தெரியும்! மேலும் அந்த ஃபங்ஷன் திரும்பி வராது என்று நம்பித்தான் கம்பைலர் கோடை அடுக்குகிறது.

அதனால் கம்பைல் வரியில் 'எஃப் நோ ஸ்டாக் ப்ரொடெக்டர்' சேர்த்தேன். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஒட்டிக்கொள்ளுமே என்று மேக் க்ளீன் போட்டு மறுபடி பில்ட். அப்புறம் பில்ட் ஆன கோடைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் எஃப்எஸ் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை.