தோட்டா நிரப்பும் முதல் பிரஸ்: காசை எங்கே போடலாம்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர், சுட்ட பித்தளை உறைகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். அதற்கான அழுத்து கருவிதான் பிரஸ். முதல் பிரஸ் வாங்கும்போது, கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா விழும் புரோகிரசிவ் வகையைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் போதும். ஒவ்வொரு உறையும் உங்கள் கையில் ஏறி இறங்குவதால், எங்கே இறுகுகிறது, எங்கே பிசகுகிறது என்று விரல்களுக்கே தெரிந்துவிடும்.

வார்ப்பிரும்பில் ‘ஓ’ வடிவத்தில் மூடிய சட்டமாகப் பாருங்கள். ரைஃபிள் உறையை அழுத்தும்போது வளைந்துகொடுக்காது. எளிதில் தேயாது என்பதால் பழையதையே வாங்கலாம். உறையைத் தாங்கி மேலே ஏறும் தண்டான ராமை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். உறைக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையை மாட்டும் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி என்ற பொது அளவில் இருக்கட்டும். பெரும்பாலான டைகள் பொருந்தும்.

மிச்சப்படும் பணத்தில் மருந்தை நிறுக்க நல்ல தராசு வாங்குங்கள். 0.1 கிரெயின் வரை அது காட்ட வேண்டும். ஒரு கிரெயின் என்பதே சுமார் 65 மில்லிகிராம்தான். குண்டைப் பொருத்தும் முன், மருந்திட்ட உறைகளை வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். ஒன்றில் மருந்து இரண்டு முறை விழுந்திருந்தாலும் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும்.