ஆசையா, வேட்கையா? பௌத்தத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் வழுக்கும் இடங்கள்

புத்தர் என்ன சொன்னார் என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: ஆசையே துன்பத்துக்குக் காரணம். ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த வரி. உடனே எதிர்க்கேள்வியும் வரும்: "அப்போ ஆசையை விட வேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே?" கேட்டவர் முகத்தில், மடக்கிவிட்டோம் என்ற சிரிப்பு.

சிக்கல் புத்தரிடம் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பழைய பௌத்த நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழியில் அந்த இடத்தில் உள்ள சொல் 'தண்ஹா'. நேர்ப்பொருள் தாகம். குடிக்கக் குடிக்க அடங்காத தாகம். மணிமேகலை இதைத் தமிழில் சொல்ல வந்தபோது 'வேட்கை' என்ற சொல்லைத்தான் எடுத்தது. துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படி வருகிறது என்று பன்னிரண்டு சார்புகளை அடுக்கும் இடத்தில் நுகர்ச்சிக்குப் பின் வேட்கை, வேட்கைக்குப் பின் பற்று என்று வரிசை போகும். ஒன்றை அனுபவிக்கிறோம், இன்னும் வேண்டும் என்று மனம் பறக்கிறது, அப்புறம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற விருப்பத்துக்குப் பாலியில் 'சந்த' என்று வேறு சொல் உண்டு. நல்ல காரியத்தின்மேல் வரும் அந்த விருப்பத்தைச் சாதனைக்கு வேண்டிய நான்கு அடிப்படைகளில் முதலாவதாகவே வைத்திருக்கிறார்கள். அதனால் விடுதலை அடைய வேண்டும் என்ற விருப்பத்தில் முரண்பாடு எதுவும் இல்லை.

இப்படி நம் சொற்களே நம்மை ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. நிர்வாணம் என்றால் தமிழில் உடையில்லாமல் இருப்பது. பௌத்தத்தில் அது தீ அணைவது: பேராசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீ. இறந்தபின் போய்ச் சேரும் சொர்க்கம் என்று எழுதுவதும் தவறு. புத்தர் அதை அடைந்த பிறகுதான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக நடந்து போதித்தார். சூனியம் இன்னும் மோசம், கேட்டதும் எலுமிச்சம்பழமும் பொம்மையும் நினைவுக்கு வந்துவிடும். பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் சொன்ன சூனியம் வேறு. எந்தப் பொருளும் தன்னந்தனியாக நிற்பதில்லை, மற்றவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது. அப்படித் தனித்து நிற்கும் சாரம் எதிலும் இல்லை என்பதுதான் அது. எதுவுமே இல்லை என்ற பொருளும் அதற்குக் கிடையாது.

எல்லாம் துன்பம் என்கிறார்களே, அழுமூஞ்சி மதம் போலிருக்கிறதே என்று முதல் பக்கத்தோடு மூடிவைப்பவர்கள் உண்டு. நான்கு உண்மைகளின் வரிசையைப் பாருங்கள்: துன்பம், அதன் காரணம், அது நீங்கிய நிலை, நீங்குவதற்கான வழி. நோய்நாடி, நோய்முதல் நாடி என்று நாம் சொல்வோமே, அதே மருத்துவர் வரிசை. நோயின் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விட்டால் மருந்துச்சீட்டு யார் கைக்கு வரும்?

மறுபிறவியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆன்மா பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொள்கிறது என்ற படம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பௌத்தமோ நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிறது. பிறகு எது மறுபடி பிறக்கிறது? கிரேக்க அரசன் மிலிந்தனும் இதையேதான் நாகசேனர் என்ற துறவியிடம் கேட்டான். அவர் திருப்பிக் கேட்டார்: ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முதல் விளக்கின் ஒளி இரண்டாவதற்கு இடம் மாறிப் போனதா? இல்லை. ஆனால் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரிந்திருக்காது. தொடர்ச்சி உண்டு, ஆனால் இங்கிருந்து அங்கே போகும் பொருள் எதுவும் இல்லை. ஒரே தடவையில் புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், மிலிந்தனும் இன்னோர் உதாரணம் கேட்டான்.

புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பது வைணவப் புராணங்களின் பார்வை. அதைச் சொல்வதில் பிழையில்லை, பௌத்தர்களின் நம்பிக்கையாகச் சொல்வதுதான் பிழை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தத்தைத் தழுவியபோது எடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரை விஷ்ணு அவதாரமாக ஏற்க மாட்டேன் என்பது. அதற்காக இது அப்பட்டமான நாத்திகம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. பாலி நூல்களில் பிரமனும் சக்கனும் (நம் இந்திரன்தான்) வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களும் பிறப்பு இறப்பில் சிக்கியவர்களே, உலகைப் படைத்தவர் என்று யாரும் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

அப்புறம், வரவேற்பறையில் தொப்பையோடு சிரிப்பவர் புத்தர் அல்லர். துணிமூட்டையோடு திரிந்ததால் புதாய் என்று பெயர் பெற்ற 10ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரமாகச் சீனர்கள் அவரைக் கருதுகிறார்கள்.

'பௌத்தர்கள்' என்று தொடங்கும் வாக்கியம்

"பௌத்தர்கள் மாமிசம் சாப்பிட மாட்டார்கள்", "பௌத்தத் துறவிகள் மணம் செய்ய மாட்டார்கள்", "பௌத்தர்கள் தினமும் தியானம் செய்வார்கள்". மூன்றுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எந்த ஊர்ப் பௌத்தர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மாமிசத்தையே எடுத்துக்கொள்வோம். பிச்சையெடுத்து உண்ணும் துறவி, தட்டில் விழுந்ததைச் சாப்பிட வேண்டும். தனக்காகவே கொன்றது என்று பார்த்திருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ மட்டும் மாமிசத்தை மறுக்க வேண்டும் என்பது பழைய விதி. துறவிகள் எல்லோரும் மரக்கறி மட்டுமே உண்ண வேண்டும் என்று தேவதத்தன் என்ற துறவி வற்புறுத்தியபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார் என்று, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய நூல் சொல்கிறது. சீனாவில் கதை வேறு, அங்கே துறவிகளுக்கு மரக்கறிதான். திபெத்தியப் பீடபூமியில் காய்கறி விளைவதே அரிது, அதனால் அங்கே மாமிசம் சகஜம். ஜப்பானில் 1872இல் அரசே ஆணை போட்டு, துறவிகள் மாமிசம் உண்பதும் மணம் செய்வதும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. இன்று அங்கே பல கோயில்கள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன.

தியானமும் அப்படித்தான். இல்லறத்தார் கூட்டம் கூட்டமாகப் பத்து நாள் உட்காருவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து பரவிய பழக்கம். அதற்கு முன்பும் இப்போதும் பெரும்பாலான பௌத்தர்களின் நடைமுறை தானம், ஐந்து சீலம் (கொல்லாமை, திருடாமை போன்ற ஒழுக்கங்கள்), விளக்கு, பூ, ஓதுதல். கிழக்கு ஆசியாவில் கோடிக்கணக்கானோருக்கு அமிதாபர் என்ற வேறொரு புத்தரின் பெயரைச் சொல்வதே வழிபாடு.

மூன்று பெரும் மரபுகளில் தேரவாதம் இலங்கை, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும், மகாயானம் சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாமிலும், வஜ்ரயானம் திபெத், பூட்டான், மங்கோலியாவிலும் முதன்மையானவை. தேரவாதத்தை 'ஹீனயானம்' என்று எழுதாதீர்கள். 'தாழ்ந்த வாகனம்' என்று மகாயானத்தார் வைத்த பெயர் அது. பழைய பாடநூல்கள் அதை விடாமல் பிடித்திருக்கின்றன. தலாய் லாமாவைப் பௌத்தர்களின் போப் என்பதும் பொருந்தாது. திபெத்தியப் பௌத்தத்திலேயே நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. தாய்லாந்துக்காரருக்கு அவர் மதிப்புக்குரிய ஒரு துறவி, அதற்கு மேல் இல்லை.

தேரவாதம் என்றாலே சிங்களம் என்று நினைப்பதும் தவறு. சோழநாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் பாலியில் எழுதிய நூல்களைத் தேரவாதிகள் இன்றும் படிக்கிறார்கள். இலங்கையின் 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். அதை வைத்துத் தம்மத்தையே (புத்தரின் போதனையையே) அளப்பவர்களும் உண்டு, அதெல்லாம் உண்மையான பௌத்தமே அல்ல என்று கைகழுவுபவர்களும் உண்டு. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. போர் நடத்திய பௌத்த அரசர்களும், அதை ஆசீர்வதித்த துறவிகளும் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையைச் சொல்லும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். உலகில் பௌத்தர்கள் 30 கோடிக்குச் சற்று மேல் என்பார்கள், 50 கோடி என்றும் சொல்வார்கள். சீனாவில் கோயிலுக்குப் போகிறவரையெல்லாம் கணக்கில் சேர்ப்பதா என்பதில்தான் வேறுபாடு. ஜப்பானில் ஒரே ஆள் அந்நாட்டு மரபு மதமான ஷிந்தோவின் கோயிலிலும் பௌத்தக் கோயிலிலும் கணக்கில் வருவார். கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 84 லட்சம் பேர். அவர்களில் 65 லட்சம் பேர் மகாராட்டிரத்தில். லடாக்கையும் சிக்கிமையும் மட்டும் நினைத்து 'இந்தியப் பௌத்தம்' பற்றி எழுதுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

பகிர்வதற்கு முன்

புத்தர் படத்தின்மேல் எழுதிப் பகிரப்படும் பொன்மொழிகளில் கணிசமானவற்றை எந்தப் பௌத்த நூலிலும் காண முடியாது. மூலம் உள்ளவையும் பாதியில் வெட்டப்பட்டிருக்கும். "யார் சொன்னாலும் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்" என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன உரையின் சுருக்கமாம். மூல உரையில், நம்பத் தகாதவற்றின் பட்டியலில் வழிவழியாக வந்த பேச்சும் நூலும் மட்டுமல்ல, வெறும் தர்க்கமும் உனக்குப் பிடித்த கருத்தோடு ஒத்துப்போவதும் சேர்ந்தே இருக்கின்றன. செய்தால் நன்மையா தீமையா, அறிவுடையோர் புகழ்கிறார்களா பழிக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறது. 'என் புத்திக்குப் பட்டதே சரி' என்பவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

விகாரைக்குப் போகிறவர்களுக்கு ஓரிரண்டு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை இலங்கையில் அவமதிப்பாகவே பார்ப்பார்கள். 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சிலையை நோக்கிக் காலை நீட்டி உட்காராதீர்கள். தாய்லாந்தில் பெண்கள் துறவியின் கையில் எதையும் நேரடியாகக் கொடுப்பதில்லை. அவர் முன்னால் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைத்தால் போதும்.