பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு வந்தாச்சு, வலிக்கு என்ன செய்வது? படிப்படியாக

போன ஐப்பசியில் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பு தவறாமல் பார்த்துக்கொள்கிற சின்னக் கருவி) வைத்தார்கள். அம்மாவுக்கு 71 வயது, ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆபரேஷன் பாளையங்கோட்டையில் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகத் தூங்கவைத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு மாத்திரைச் சீட்டும், பேஸ்மேக்கர் அட்டையும், "இடது கையைத் தூக்காதீங்க" என்ற ஒரு வரியும் இருந்தன. அதற்கப்புறம் அம்மா பட்ட வலியில் பாதி, நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டது.

கீறிய இடத்து வலி பத்து நாளில் அடங்கிவிட்டது. தோள்பட்டை வலிதான் மூன்று மாதம் ஆட்டிவைத்தது. கையை அசைத்தால் ஒயர் கழன்றுவிடும் என்று எதிர்வீட்டு மதினி சொன்னதை நம்பி, துண்டால் தூளி கட்டி, மூன்று வாரம் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்போட்டோம். அதனால் வந்த வினை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

படி 1: எந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே ஓரிரு அங்குலம் கீறி, தோலுக்கு அடியில் சின்னப் பை மாதிரி இடம் உண்டாக்கி, அதில் பேஸ்மேக்கர் பெட்டியை வைக்கிறார்கள். அங்கிருந்து ஒயர் ஒரு ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகிறது. நெஞ்சைப் பிளப்பதில்லை. ஆகவே முதல் சில நாள் வலி, தோலும் தசையும் வலிக்கிற வலி. அம்மா இதைப் புரிந்துகொள்ளாமல், வலிக்கும்போதெல்லாம் "நெஞ்சு வலிக்கி" என்று மிரண்டாள். பயம் வலியை இரண்டு மடங்காக்கும். பெட்டி எங்கே இருக்கிறது, எது வலிக்கிறது என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தாள்.

இவை போக, எழுந்து நிற்கும்போது அந்த இடம் கனமாகக் கீழே இழுப்பது போலத் தோன்றும். சுற்றிலும் தோல் மரத்தது போல இருக்கலாம். ரத்தக்கட்டு முதலில் கருநீலமாக இருந்து, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறையும். ஒல்லியானவர்களுக்குப் பெட்டியின் விளிம்பு தோலுக்கு மேல் தெரியும். அது தப்பில்லை. ஆனால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் உருட்டுவதும் கூடாது. பெட்டி புரண்டால் ஒயரும் சேர்ந்து சுருண்டு, உள்ளே பதிந்த இடத்திலிருந்து விலகிவிடலாம்.

படி 2: வலியை அளந்து எழுதுங்கள்

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று நர்ஸ் கேட்டபோது அம்மா முழித்தாள். வீட்டுக்கு வந்து நாங்கள் அணா கணக்குக்கு மாறிவிட்டோம். பதினாறு அணா என்றால் தாங்கவே முடியாத வலி, நாலணா என்றால் மறந்து வேலை பார்க்கிற வலி. "ஏட்டி, ஆறணா இருக்கும்" என்று உடனே பதில் வந்தது. காலை, மத்தியானம், படுக்கப்போகும் முன் என்று மூன்று தடவை பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

ஒரு நாளின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம். முதல் இரண்டு மூன்று நாள் அதிகமாக இருந்து, பிறகு மெல்ல இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்த வலி ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ திரும்ப ஏறினால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். "நாலு நாளா ஏறுது" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் அவருக்கும் எளிது.

படி 3: மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள்

நம் வீட்டுப் பெரியவர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதை ஒரு கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். அம்மா மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால் அடங்க நேரமாகும். அதற்குள் அந்தப் பக்கம் முழுக்க விறைத்துவிடும். முதல் சில நாள் டாக்டர் எழுதிய நேரப்படி கொடுத்து, அப்புறம் வலி குறையக் குறைய நிறுத்திக்கொள்ளலாம்.

பெரும்பாலும் எழுதித் தருவது பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இதையும் அதையும் சேர்த்துப் போட்டால் கணக்கு தப்பும்.

மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் பலவீனமான இதயத்துக்கும் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அவை ரத்தக்கசிவையும் கூட்டும். பாராசிட்டமாலோடு இவற்றைக் கலந்த மாத்திரைகள் நிறைய விற்பதால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தெரு முனையில் போடுகிற வலி ஊசியும் இதே சங்கதிதான்.

படி 4: காயத்தின் மேல் எதையும் பூசாதீர்கள்

மஞ்சள் பத்து, வேப்பெண்ணெய், தைலம், உப்பு ஒத்தடம் என்று வந்தவர்கள் எல்லோரும் ஒன்று சொன்னார்கள். ஒன்றும் வேண்டாம். சூடு வைத்தால் முதல் நாட்களில் உள்ளே ரத்தம் கசிவது கூடும். எண்ணெய் போட்டுத் தேய்த்தால் தையலும் போச்சு, பெட்டியும் நகரும். வீக்கம் இருந்தால், டாக்டர் சரி என்றால், ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே காய்ந்த துண்டைச் சுற்றி, காயத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் லேசாக வைக்கலாம். அழுத்தக் கூடாது, கட்டு நனையவும் கூடாது.

குளியல் டாக்டர் சொல்லும்வரை துடைத்துவிடுவதோடு சரி. அம்மாவுக்குத் தாமிரபரணியில் முங்காமல் ஐப்பசி கழிகிறதே என்று பெரிய மனக்குறை. காயம் முழுக்க ஆறும்வரை ஆறு, குளம், குற்றாலம் எதுவும் கிடையாது.

படி 5: பயணம், படுக்கை, உடுப்பு

பாளையங்கோட்டையிலிருந்து வரும்போது அம்மாவைக் காரில் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். அந்த சீட்டின் பெல்ட் சரியாக இடது தோள் வழியாக, காயத்தின் மேலேயே போகிறது. சேரன்மகாதேவி வருவதற்குள் அம்மா அழுதுவிட்டாள். டிரைவருக்குப் பின்னால், வலது ஓரம் உட்காரவைத்தால் பெல்ட் வலது தோளில் வரும். இது யாரும் சொல்லாத சின்ன விஷயம். வேறு வழியில்லை என்றால் பெல்ட்டுக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுக்கிற பழக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தரையிலிருந்து எழும்போது தன்னையறியாமல் இடது கையை ஊன்றிவிடுவோம். தொய்வான நார்க்கட்டிலும் உதவாது. இறுக்கமான கட்டிலில் மல்லாந்து படுத்து, தலைக்கு இரண்டு தலையணை, இடது கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் தோள் இழுக்காது. எழும்போது வலது பக்கம் புரண்டு, காலைக் கீழே போட்டு, வலது கையை ஊன்றி எழ வேண்டும். முதல் வாரம் அம்மாவைத் தூக்கிவிட அக்குளில் கை கொடுத்தேன். அது தப்பு. முதுகில் கை கொடுங்கள்.

சட்டையோ ரவிக்கையோ போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது இடது கை கடைசியில். முன்பக்கம் கொக்கி வைத்த தொளதொள ரவிக்கைகள் இரண்டை அவசரமாகத் தைத்து வாங்கினோம். உள்ளாடைப் பட்டை காயத்தில் உரசினால் மெத்தென்ற துணியை இடையில் வைக்கலாம். ஆண்கள் இடது தோளில் போடும் துண்டை வலது தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போனையும் இடது சட்டைப் பையில் வைக்கக் கூடாது, பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

படி 6: கையை ஆட்டுங்கள், ஆனால் தோளுக்குக் கீழே

இந்த ஒரு படிக்காகத்தான் மற்றதெல்லாம். ஒயரின் நுனி இதயத்தின் உள்சுவரில் பதிந்து, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதனால் 4 முதல் 6 வாரம் வரை இடது முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, பின்பக்கம் வளைக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. நம் வீடுகளில் இதற்கு அர்த்தம்: கிணற்றில் வாளி இறைக்கக் கூடாது, இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, கொடியில் துணி காயப்போடக் கூடாது, அம்பாசமுத்திரம் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கக் கூடாது, ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொதிக்குத் தேங்காய் துருவுவதும் இதில் சேரும். அம்மா இதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தூக்கக் கூடாது என்றால் அசைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. ஒயரைக் கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் வைக்கிறார்கள். சாப்பிடுவது, முகம் துடைப்பது, உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் செய்யலாம். தோளை வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிப்போகும். அப்புறம் 6 வாரம் கழித்துத் தூக்கலாம் என்று சொல்லும்போது கை தூக்கவே வராது.

ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்து, இப்படிச் செய்யச் சொல்லுங்கள். விரல்களை மூடித் திறப்பது பத்து தடவை. மணிக்கட்டைச் சுழற்றுவது. முழங்கையை மடக்கி நீட்டுவது. இரண்டு தோளையும் "எனக்குத் தெரியாது" என்று காட்டுவது போல மெல்ல ஏற்றி இறக்குவது. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்புவது. அப்புறம் வலது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் சின்னதாக ஆட்டுவது. இந்தக் கடைசியைத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லேசாக இழுத்தால் சரி, சுருக்கென்று குத்தினால் நிறுத்த வேண்டும்.

தூளி கட்டச் சொல்லியிருந்தால், எத்தனை நாள், ராத்திரிக்கு மட்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

படி 7: விசாரிக்க வருகிறவர்களுக்கு நேரம் குறியுங்கள்

சிரிக்காதீர்கள், எங்கள் நோட்டில் வலி அதிகமான ராத்திரிகள் எல்லாம் ஆள் அதிகம் வந்த நாட்கள்தான். வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா ஆதியோடந்தம் கதை சொல்லி, எழுந்து உட்கார்ந்து, காப்பி போடச் சொல்லி, ஓய்வே இல்லை. ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் 4 முதல் 6 வரை மட்டும் என்று வைத்தோம். கதையை நான் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், பிறகு சரியாகிவிட்டது. கொண்டுவருகிற அல்வாவையும் கவனியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவு ஏறினால் காயம் ஆறுவது தள்ளிப்போகும், கிருமியும் எளிதாகத் தொற்றும்.

படி 8: இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்

காயம் சிவந்து சூடாக இருந்தாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, தையல் விட்டாலோ, வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, இடது கை முழுக்க வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். விடாத விக்கல், வயிறோ நெஞ்சுத் தசையோ துடித்துக்கொண்டே இருப்பது, இவையும் ஒயர் நகர்ந்ததற்கான அடையாளமாக இருக்கலாம்.

மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றி மயங்குவது என்றால் உடனே 108. நம் பக்கத்தில் நெஞ்சில் எது குத்தினாலும் "வாயுதான்" என்று பூண்டையும் பெருங்காயத்தையும் தேடுவார்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்குப் புதிதாகக் குத்தினால் அந்தப் பேச்சே கூடாது. பேஸ்மேக்கர் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அம்மாவுக்குத் தோள் இறுகியது தெரிந்தது ஆறாவது வாரப் பரிசோதனையில். பேஸ்மேக்கர் நன்றாக வேலை செய்தது, கைதான் காதுக்கு மேல் போகவில்லை. டாக்டர் அனுமதித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சுவரில் விரலால் ஏறச் சொல்லிக்கொடுத்தார். தினம் எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டோம். தை பிறந்தும் தலைசீவிவிடுவது என் வேலையாகத்தான் இருந்தது. இப்போது அவளே இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்கிறாள். கொண்டை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. சுவரிலுள்ள கரிக்கோடுகளை வெள்ளையடிக்கும்போதுகூட அழிக்கவிடவில்லை.