சைகை மொழியை எழுதும்போது எதைக் குறிப்பது, எதை விடுவது?

‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் அடுத்த ‘ப’வும் ஒரே ஒலி இல்லை. ஆனாலும் ஒரே எழுத்துதான், யாரும் தடுமாறுவதில்லை. புலியையும் புளியையும் அப்படி ஒரே மாதிரி எழுதிவிட முடியுமா? பழகாத சைகை மொழியை வீடியோ பார்த்து எழுத உட்காருகிறவர் தேட வேண்டியது இதைத்தான்: எது பம்பர வேறுபாடு, எது புலி-புளி வேறுபாடு.

1. வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். ஈலான் என்ற இலவச மென்பொருளில் வீடியோவுக்குக் கீழேயே நேரம் பிசகாமல் குறிப்பு போடலாம். மூலம் கையில் இருந்தால்தான் சிலவற்றைத் துணிந்து விட முடியும். முதல் தடவை நான் சுண்டுவிரல் வளைவைக்கூட விடாமல் எழுதினேன். நாற்பது வினாடி வீடியோவுக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

2. ஒவ்வொரு சைகைக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: கை வடிவம், இடம், அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை, முகம். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழி ஆய்வாளர் அமெரிக்க சைகை மொழியைப் பிரித்துக் காட்டியபோது முதல் மூன்றுதான் இருந்தன. முகத்தை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்காதீர்கள். அந்த மொழியில் ‘தாமதம்’ சைகையோடு நாக்கு நுனி லேசாக எட்டிப் பார்த்து, தலையும் மறுப்பாக அசைந்தால் ‘இன்னும் இல்லை’.

3. ஒரே ஒரு கட்டம் மாறியதும் பொருளும் மாறிவிடும் ஜோடிகளைத் தேடுங்கள். வேலையின் உயிர் இங்கேதான். அதே அமெரிக்க மொழியில், ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல மடக்கி, கணுவைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் ஆப்பிள். அதே கொக்கியைக் கண்ணோரம் கொண்டுபோனால் வெங்காயம். கன்னத்திலேயே, விரலை மடக்காமல் நுனியால் திருகினால் மிட்டாய். ஆக, இடத்தையும் எழுத வேண்டும், மடக்கலையும் எழுத வேண்டும். கட்டைவிரல் சற்று முன்னே பின்னே இருந்தாலும் ஆப்பிள் ஆப்பிள்தான், அதை விட்டுவிடலாம். (வெங்காயத்துக்குக் கண் என்பது பொருத்தமாகத்தான் படுகிறது. அந்தப் பொருத்தத்தை நம்பி ஊகிக்க ஆரம்பித்தால் அடுத்த சைகையிலேயே சறுக்கும்.)

4. வலது, இடது என்று எழுதாதீர்கள். இடக்கைக்காரர் அதே சைகையைக் கண்ணாடி பிம்பமாகச் செய்வார். முதன்மைக் கை, துணைக் கை என்றால் போதும்.

ஆனால் சுட்டும் திசை வேறு விஷயம். பாலித் தீவின் வடக்கே, பெங்காலா கிராமத்தில் காத்தா கோலோக் என்ற சைகை மொழி உண்டு. காது கேட்கும் ஊர்க்காரர்கள் பலருக்கும் அது தெரியும். அதில் ஓர் இடத்தைச் சொல்ல, அந்த இடம் நிஜமாகவே இருக்கும் பக்கம் கை நீட்டுவார்கள். பொழுதைச் சொல்ல, அந்நேரம் சூரியன் நிற்கும் வானத்தைக் காட்டுவார்கள். அங்கே ‘மேலே சுட்டினார்’ என்று எழுதினால் பொருளே போய்விடும். கேமரா எந்தத் திசை பார்த்து இருந்தது என்பதைப் படம் பிடிக்கும்போதே எழுதி வையுங்கள்.

5. தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு வடிவத்தையும் அந்த மொழிக்காரரிடம் காட்டி, ஒன்றா வேறா என்று கேளுங்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உருவான அல்-சய்யித் பெதூயின் சைகை மொழி இளமையான மொழி. ஒரே பொருளுக்கான சைகை ஆளுக்கு ஆள், குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வரியிலும் செய்தவர் யார் என்றும் போடுங்கள். பதில் கிடைக்காத கட்டத்தில் கேள்விக்குறி இட்டு, வீடியோவின் நிமிடம், வினாடியைப் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த சைகைக்குப் போங்கள்.