கை போவதற்கு முன் வாய் போக வேண்டும்: வாசலில் செக்கிங் போடும் முறை

காரைக்குடிப் பக்கம் பரீட்சை மையம், கோயில் விழா, மந்திரி வருகிற கல்யாணம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது வாசலில் செக்கிங் இருக்கிறது. அங்கே நிற்கிற பெண்களில் பலர், ஏஜென்சியில் சேர்ந்த மறுநாளே மெட்டல் டிடெக்டரைக் கையில் வாங்கியவர்கள். நான் பெண் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்களைச் சோதிக்கும் ஆண்களுக்கும் முறை இதேதான்.

முதலில் உங்கள் அதிகாரம் எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள். காக்கி போல ஒரு சட்டை போட்டுவிட்டால் போலீஸ் ஆகிவிட முடியாது. தனியார் காவலருக்கு யாரையும் பலவந்தமாகச் சோதிக்கும் உரிமை கிடையாது. வருபவர் சம்மதித்தால் பார்க்கலாம். சம்மதிக்காவிட்டால், "அப்படின்னா உள்ளே விட முடியாதுங்க" என்று சொல்லிப் பொறுப்பாளரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் குறையாமல். கைதான பெண்ணுக்கே சட்டம் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கும்போது சாமி கும்பிட வந்தவருக்கு எப்படிக் குறைக்க முடியும்? திருநங்கை வந்தால் யார் சோதிக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். முகத்தைப் பார்த்து நீங்களாக முடிவு பண்ணாதீர்கள்.

இடத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு மேஜை, ஒரு தட்டு, பெண்கள் வரிசைக்கு ஒரு துணித் திரை. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சோதிக்க, ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க. நேர் எதிரே நிற்காதீர்கள். அரை அடி பக்கவாட்டில் தள்ளி நின்றால் அவருக்கும் கூச்சம் குறையும், திடீரென்று தள்ளினாலும் நீங்கள் விழ மாட்டீர்கள்.

அப்புறம் கேள்வி. "குத்துற மாதிரி, கிழிக்கிற மாதிரி ஏதும் வச்சிருக்கீங்களா?" இதைக் கேட்காமல் கையை நீட்டவே கூடாது. சேலை கட்டிய பெண்ணிடம் குறைந்தது இரண்டு ஊக்காவது இருக்கும். ஊசியும் பிளேடும் கையுறையைத் துளைத்துவிடும், அதனால் கையுறையை நம்பிப் பைக்குள்ளோ சட்டைப் பாக்கெட்டுக்குள்ளோ கையை விடாதீர்கள். அவரே எடுத்துத் தட்டில் வைக்கட்டும். ஓலைக் கொட்டானில் வெற்றிலை, சீப்பு என்று அடைத்துக்கொண்டு வரும் ஆச்சிகளிடம் பாக்குவெட்டி கட்டாயம் இருக்கும். நல்ல கூர்மையான இரும்பு அது. "ஆச்சி, பாக்குவெட்டியை மட்டும் இங்க குடுத்துட்டுப் போங்க, டோக்கன் தாரேன்" என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். அதையே ஆயுதம் பிடித்த மாதிரி தூக்கிக் காட்டினால் வரிசை முழுக்க உங்களைத் திட்டும்.

இப்போது கை. ஒரே ஒழுங்கில் போங்கள், ஆள் மாறினாலும் ஒழுங்கு மாறக்கூடாது. கொண்டை, கழுத்து, தோள், கை, அக்குள், முதுகு, இடுப்பு, கால், கடைசியில் செருப்பு. எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்தால் "என்னை மட்டும் ஏன்?" என்ற சண்டை வராது, எதுவும் விட்டும் போகாது. தட்டிப் பார்ப்பது வீண். துணியை மெல்ல அழுத்தி, கீழே என்ன இருக்கிறது என்று உணர வேண்டும். மார்புப் பக்கம், தொடைப் பக்கம் புறங்கைதான்.

பொருள் அதிகம் ஒளிவது இடுப்பில். சேலையில் கொசுவம் செருகிய இடமும் சுருக்குப் பையும். வேட்டியில் மடித்துக் கட்டிய சுருட்டு. சிறாவயல் மஞ்சுவிரட்டு மாதிரிக் கூட்டத்தில் குவாட்டர் பாட்டில் அந்தச் சுருட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அண்டிராயர் பாக்கெட்டையும் மறக்காதீர்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. உலோகம் என்றால் கத்தும், கஞ்சா, குட்கா, பிளாஸ்டிக் என்றால் கத்தாது. உடம்பில் படாமல் ஓரிரண்டு அங்குலம் தள்ளி, மெதுவாக ஓட்டுங்கள். அரைஞாண் கயிற்றுத் தாயத்துக்கும் மெட்டிக்கும் கத்தும். மணப்பெண் கழுத்திரு (செட்டிநாட்டுப் பெரிய தங்கத் தாலி) போட்டிருந்தால் கத்திக்கொண்டே இருக்கும், கழற்றச் சொல்லும் பேச்சே வேண்டாம், திரைக்குள் கூட்டிப்போய்க் கண்ணால் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் கருவியை நெஞ்சருகே கொண்டுபோகாமல் கையால் சோதியுங்கள்.

பரீட்சை மையம் தனி வகை. 2022-இல் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் நீட் எழுத வந்த பெண்களை, உலோகக் கொக்கிக்காக உள்ளாடையைக் கழற்றச் சொன்னதாகப் புகார் எழுந்து கைது வரை போனது. கருவி கத்தினால் கொக்கிதானா என்று கேளுங்கள், திரைக்குள் புறங்கையால் உறுதி செய்யுங்கள், அனுப்புங்கள். பதினேழு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே போய் எப்படி எழுதும்?

ஏதாவது சிக்கினால் பறிக்காதீர்கள், கத்தாதீர்கள். சத்தமில்லாமல் ஓரடி பின்வாங்கிக் கூட நிற்பவருக்குச் சொல்லுங்கள். கத்தி, கஞ்சா மாதிரி என்றால் 100-க்கோ 112-க்கோ போன் போட வேண்டும். பொருளைத் தொடாமல் இருந்த இடத்திலேயே விடுங்கள், பின்னால் அது சாட்சியம்.

அங்கிருந்து போலீஸ் வேலை. ஆனாலும் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் ஒருநாள் சாட்சியாக உங்களைத்தான் கூப்பிடுவார்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, உடம்பைச் சோதிக்கும் முன் "மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று சொல்லியாக வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. கையில் வைத்திருக்கும் பைக்கு இது பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கைதானவரிடம் எடுத்த பொருளுக்கு ரசீது தர வேண்டும் என்பது 49-ஆவது பிரிவில் இருக்கிறது.

ரசீது விஷயத்தில் நீங்களும் அப்படியே இருங்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவு போட்டதிலிருந்து வாங்கி வைக்கும் பொருளில் பாதி போன்தான். வாங்கும்போதே திரையில் கீறல் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்து நோட்டில் எழுதுங்கள், டோக்கன் எண்ணையும் பக்கத்திலேயே.