புறஜாதிகளோடு கர்த்தர் நடந்த விதம்: வேதபாடத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி?

புறஜாதிகள் என்றால் இஸ்ரவேலர் அல்லாத ஜாதிகள். இந்தத் தலைப்பை எடுப்பவர்களில் பலர் ரோமர் 11-ல் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பழைய ஏற்பாட்டின் ஜாதிகள் எல்லாம் இஸ்ரவேலின் கதைக்குத் துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிவிடும். உபாகமம் 2-ல் தொடங்குங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 20 நிமிடம் உபாகமம் 2:1-23. சத்தமாக வாசித்து, 5, 9, 19 வசனங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். சேயீரை ஏசாவின் வம்சத்துக்கும் (ஏதோமியர்), ஆர் பட்டணத்தை மோவாபியருக்கும், அம்மோன் தேசத்தை அம்மோனியருக்கும் கொடுத்தவர் கர்த்தரே. அங்கே இஸ்ரவேலுக்குப் பங்கில்லை. அந்தத் தேசங்களில் முன்பு குடியிருந்த ஏமியர், ஓரியர், சம்சூமியர் என்று பழைய பெயர்கள் வரும் வசனங்களைத் தாண்டிவிடாதீர்கள். இஸ்ரவேலுக்குச் செய்ததைப் போலவே அம்மோனியருக்கும் கர்த்தர் முன்நின்று வழி செய்தார் என்பது அங்கேதான் இருக்கிறது.

அடுத்த 40 நிமிடம் ஆமோஸ் 1, 2 அதிகாரங்கள். பாடத்தின் உயிர் இங்கேதான். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: ஜாதி, குற்றம், பாதிக்கப்பட்டவர். தமஸ்கு தொடங்கி இஸ்ரவேல் வரை எட்டு வரிசை வரும். காசா, தீரு இரண்டும் சிறைப்பட்டவர்களை ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தன. அவர்கள் யாருடைய ஜனம் என்று வசனம் சொல்லவில்லை, ஆகவே மூன்றாம் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் பாடம் கெடும். மோவாபின் வரிசையில் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டதுதான் மோவாபின் குற்றம். இஸ்ரவேலுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். கர்த்தருடைய வேதத்தை வெறுத்த குற்றம் யூதாவின்மேல் மட்டும் (2:4). யூதாவும் இஸ்ரவேலும் அல்லாத ஆறு ஜாதிகளிடம் அவர் கேட்பது கொடுமைக்கான கணக்கு. பிறகு 9:7. பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவர் அவரே.

குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானுக்கு (2 இராஜாக்கள் 5) பத்து நிமிடம் போதும். முதல் வசனத்திலேயே கர்த்தர் அவனைக்கொண்டு சீரியாவுக்கு ஜெயம் கொடுத்திருக்கிறார். குணமானபின் அவன் இஸ்ரவேலில் தங்கவில்லை; இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண்ணைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறான். அவன் இஸ்ரவேலனாக மாறிவிட்டான் என்று சொல்லித்தருவது பரவலான பிழை.

மீதி 20 நிமிடத்தைக் கடினமான கேள்விக்கு ஒதுக்குங்கள்: கானானியரை அழிக்கச் சொன்ன உபாகமம் 20:16-18. யாராவது கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஆதியாகமம் 15:16-ஐயும் லேவியராகமம் 18:24-28-ஐயும் வாசியுங்கள். கானான் தேசத்து எமோரியரின் அக்கிரமம் நிறைவாகும்வரை ஆபிரகாமின் சந்ததி காத்திருக்க வேண்டியிருந்தது. அதே தீட்டில் விழுந்தால் தேசம் இஸ்ரவேலையும் கக்கிப்போடும் என்ற எச்சரிப்பும் உண்டு. இவை அந்தக் கட்டளையின் பாரத்தை முழுவதும் இறக்கிவிடாது. இறக்கிவிட்டதாகக் காட்டி முடிக்கவும் வேண்டாம். மனம் கனக்கிறவர்களைப் பேசவிடுங்கள்.