மீன் கூட்டத்தின் நடுவில் அசையாமல் மிதப்பது எப்படி

கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் போதும், கீழே தெரிந்துகொண்டிருந்த தரை சட்டென்று முடிந்து கருநீலம் தொடங்குகிற இடத்தில், எண்ணவே முடியாத அளவு மத்தி மீன்கள் ஒரே உடம்பாகத் திரும்புவதைப் பார்த்துவிடலாம். இதற்கு ஸ்கூபா படித்திருக்க வேண்டியதில்லை, முதுகில் சிலிண்டரும் வேண்டாம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற ஒரு மாஸ்க், வாயால் மூச்சுவிட ஸ்நார்கெல் என்ற குழாய், காலுக்குத் துடுப்பு மாதிரி ஃபின்ஸ், கூட வர நல்ல கைடு ஒருவர். ஆனால் இவ்வளவும் கையில் இருந்தும் பலர் மீனைத் துரத்தி, மூச்சிரைத்து, தூரத்தில் ஓடுகிற வால்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை கைடு என் தோளைத் தொட்டு ‘சும்மா மிதங்கள்’ என்று சைகை காட்டினார், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கூட்டம் தானாகவே என்னைச் சுற்றி வந்துவிட்டது. இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்கு உங்களைத் தயார்ப்படுத்தத்தான்.

முதலில் இடம். சிறு மீன்கள் கரைக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பது பெரும்பாலும் ஆழமில்லாத பவளத் திட்டு சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிற இடங்களில்தான். இரையாகும் நுண்ணிய மிதவை உயிரிகளை நீரோட்டம் அங்கே கொண்டுவந்து கொடுக்கிறது, ஒரு பக்கம் சுவர் இருப்பதால் வேட்டை மீன் அந்தப் பக்கமிருந்து வர வழியும் குறைகிறது. பிலிப்பைன்ஸில் செபு தீவின் மோவால்போவால் இதற்கு நல்ல உதாரணம், அங்கே மத்திக் கூட்டம் கரையிலிருந்து நீந்திப்போகிற தூரத்திலேயே வருடம் முழுக்க இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மே முதல் ஜூலை வரை நடக்கும் மத்தி வலசை இதைவிடப் பெரியது, ஆனால் அது படகு, குளிர்ந்த கடல், சுறா என்று வேறு மாதிரி அனுபவம், முதல் முறை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மெக்சிகோவின் காபோ புல்மோவில் பாரை மீன்கள் சுழல் மாதிரி திரள்கின்றன. அந்தக் கடல் 1995-ல் தேசியப் பூங்காவானது, ஊர்க்காரர்களே மீன்பிடிப்பை நிறுத்திப் பாதுகாத்தார்கள், 1999-ல் இருந்த மீன்களின் மொத்த எடை 2009-க்குள் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. கரையோரத்தில் பெரிய கூட்டம் ஒன்றைப் பார்க்கிறோம் என்றால், பெரும்பாலும் யாரோ அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே போகும்போது இது மனதில் இருக்கட்டும்.

நேரம் என்றால் காலைதான். காற்று கிளம்புவதற்கு முன் மேற்பரப்பு அமைதியாக இருக்கும், ஸ்நார்கெலில் தண்ணீர் ஏறாது. வெயில் கொஞ்சம் சாய்வாக விழுகிற ஒன்பது, பத்து மணிவாக்கில் ஒளிக்கற்றைகள் கூட்டத்தின் ஊடாக இறங்கும்போது ஒவ்வொரு மீனும் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு அவற்றின் தோலிலும் செதிலிலும் அடுக்கடுக்காக இருக்கும், குவானின் என்ற பொருளின் படிகங்களிலிருந்து வருகிறது. முதல் நாள் பெரிய மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், கலங்கல் தண்ணீரில் கூட்டம் பக்கத்திலேயே இருந்தாலும் ஒன்றும் தெரியாது.

கைடைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். நான் நான்கு விஷயம் கேட்பேன்: ஒரு கைடுக்கு எத்தனை பேர், பிடித்துக்கொள்ள வளையமோ மிதவையோ கூட வருமா, இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறங்கி எங்கே ஏறப் போகிறோம். முதல் கேள்விக்கு ஐந்துக்கு மேல் பதில் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன். கடைசி இரண்டுக்கும் உடனே தெளிவாகப் பதில் சொல்கிறவர் கடலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். மீனை வரவழைக்க ரொட்டி போடுகிறேன் என்று சொல்கிறவருடன் போக வேண்டாம். மிதவை உயிரிகளைத் தின்னும் மத்திக்கு ரொட்டியால் எந்தப் பயனும் இல்லை, திட்டில் வாழும் மற்ற மீன்களின் பழக்கம்தான் கெடும்.

உங்கள் பக்கமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீச்சல் தெரியாது, ஆழத்தைப் பார்த்தால் பயம், ஆஸ்துமா இருக்கிறது, போன மாதம் சிகிச்சை நடந்தது, எதுவானாலும் கரையிலேயே சொல்லிவிட வேண்டும், தண்ணீருக்குள் போனபின் சொல்ல வாய் இருக்காது. இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ இருப்பவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். நீச்சல் தெரியாதவர்களும் இதைப் பார்க்கலாம், மிதவை உடுப்பைப் போட்டுக்கொண்டு வளையத்தைப் பிடித்தால் கைடு இழுத்துக்கொண்டு போவார். ஆனால் அவர்கள் கீழே சொல்கிற மூச்சுப் பயிற்சிக்கு இரட்டிப்பு நேரம் கொடுக்க வேண்டும்.

மாஸ்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பயம் பெரும்பாலும் மாஸ்க்கில்தான் தொடங்குகிறது. வாரைப் பின்னால் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை எடுத்தாலும் அப்படியே ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. விழுந்தால் வேறொன்றை எடுங்கள். ஒழுகுகிறதே என்று வாரை இறுக்குவது எல்லாரும் செய்கிற தவறு, இறுக்கினால் ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். விளிம்புக்கடியில் ஒரு முடி மாட்டியிருந்தாலே போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். மீசை வைத்திருப்பவர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். புது மாஸ்க்காக இருந்தால் கண்ணாடியின் உட்பக்கத்தை வெள்ளை டூத்பேஸ்ட் வைத்து இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள், தொழிற்சாலைப் படலம் போகும்வரை அது பனிமூட்டம் போட்டுக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு முறை இறங்குமுன்பும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ, இல்லையென்றால் எச்சில், தடவி லேசாக அலசினால் போதும்.

முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பெரும்பாலும் மூக்கைப் பிடித்துக் காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது, ஏதாவது தவறினால் சட்டென்று துப்பிவிட்டு மூச்செடுக்கவும் முடியாது.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டைதான் சிறந்தது, முதுகும் பின்னங்காலும்தான் அதிகம் வேகும். சன்ஸ்கிரீன் போடுவதானால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருளும் இல்லாததைப் பாருங்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் இந்த இரண்டும் உள்ள சன்ஸ்கிரீன் விற்பனைக்கு 2021 முதல் தடை போட்டுவிட்டது, பலாவ் நாடு 2020-லேயே தடை செய்தது.

சரி, இறங்கலாம். மணலாக இருந்தால் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை இருந்தால் விலகிப்போகும். ஃபின்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போட்டுக்கொள்வது சுலபம், கரையிலேயே போட்டுவிட்டால் பின்புறமாகத்தான் நடக்க வேண்டும். நிற்க முடிகிற அந்த ஆழத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் இருங்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். மூச்சை விடுகிற சத்தம் குழாயில் உங்களுக்கே கேட்கும், அது சீராகும்வரை நகராதீர்கள். அப்புறம் வேண்டுமென்றே குழாயில் தண்ணீர் புகவிட்டு ‘தூ’ என்று ஒரே வேகத்தில் ஊதி வெளியேற்றிப் பழகுங்கள், ஊதியபின் முதல் மூச்சை மட்டும் கவனமாக, கொஞ்சமாக இழுக்க வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் தலையைத் தூக்கி, கீழ் விளிம்பை லேசாக நெகிழ்த்தி விட்டுவிடலாம். இந்த மூன்றும் பழகிவிட்டால் நடுக்கடலில் பதற எதுவுமில்லை. உங்களை நேராக ஆழத்துக்கு இழுத்துப்போகாமல் முதலில் இங்கே நிறுத்திவைக்கிற கைடு கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சைகைகளையும் இங்கேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் நன்றாக இருக்கிறேன். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை, அடுத்து எது என்று தொட்டுக் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்துவது தண்ணீருக்குள் ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தூரத்திலிருந்து கையை வீசி ஆட்டினால் உதவிக்கு வரச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், ஆகவே கரையில் இருக்கும் நண்பர்களுக்கு அப்படிக் கையாட்டாதீர்கள்.

நீந்தும்போது கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பிலிருந்து மெதுவாக, நீளமாக உதையுங்கள். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கினால் ஓசைதான் வரும், நகர மாட்டீர்கள். பவளத்துக்கு மேலே தண்ணீர் குறைவாக இருந்தால் உதைப்பதையே நிறுத்தி மிதந்து கடந்துவிடுங்கள், ஒரு மிதி பல வருட வளர்ச்சியை உடைத்துவிடும்.

திட்டின் விளிம்பைத் தாண்டும் அந்த நொடி எல்லாருக்கும் வயிற்றைப் பிசையும். இதுவரை காலுக்குக் கீழே இருந்த தரை காணாமல் போய் வெறும் நீலம் மட்டும் இருக்கும். அப்போது கீழே பார்க்காமல் பக்கவாட்டில், சுவரையோ கைடையோ பாருங்கள். ஒரு கை வளையத்தில் இருக்கட்டும். நான்கைந்து மூச்சில் அது அடங்கிவிடும்.

இப்போது கூட்டம். முதலில் அது மீனாகத் தெரியாது, தண்ணீரில் ஒரு நிழல் மாதிரி, மேகம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் வேகமாக உதைத்துப் போகத் தோன்றும், போகாதீர்கள். ஒவ்வொரு மீனும் பக்கத்து மீன்களைக் கண்ணாலும், பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பாலும் உணர்ந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரில் ஏற்படும் மிகச் சின்ன அழுத்த மாற்றமும் அந்த உறுப்புக்குத் தெரியும். உங்கள் ஒரு வேகமான உதை அதற்கு வேட்டை மீன் வந்த செய்தி. முன்னால் இருப்பது திரும்பும், அடுத்தது திரும்பும், கண் இமைப்பதற்குள் மொத்தக் கூட்டமும் விலகிவிடும். அதனால் பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போதே உதைப்பதை நிறுத்துங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கைடுக்குத் தெரியும், கூட்டத்தை நோக்கி நீரோட்டம் வருகிற பக்கத்தில் அவர் உங்களை விட்டால் தண்ணீரே மெதுவாக அங்கே சேர்த்துவிடும். கையை மடக்கி, கால் தளர்ந்து, மூச்சு மட்டும் ஓடட்டும்.

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மையில் இருப்பதைவிடப் பக்கத்திலும் தெரியும், மாஸ்க்கின் கண்ணாடியில் ஒளி வளைவதால். கைக்கெட்டும் தூரம் என்று நீட்டினால் எட்டாது. நீட்டவும் வேண்டாம்.

கூட்டம் உங்களுக்குக் கீழே வந்ததும் கவனித்துப் பார்க்க நிறைய இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் மீன்கள் உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்துகொண்டு நீந்துவது இரை வடிகட்டித் தின்பது. மேலிருந்து பார்த்தால் முதுகு கருநீலம், ஆழத்தோடு கலந்துவிடும், கொஞ்சம் கீழிறங்கிப் பார்த்தால் அதே மீன் வெள்ளி. தளர்வாக இருந்த கூட்டம் திடீரென்று இறுகி, ஒரே மாதிரி மின்னித் திரும்பினால், கூட்டத்தைப் பார்க்காதீர்கள், வெளியே நீலத்தைப் பாருங்கள். அங்கே பாரையோ சீலாவோ வந்திருக்கும். அது பாய்ந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து அதன் பக்கவாட்டில் வழிந்து பின்னால் மீண்டும் சேரும், நீரூற்று விரிவது போல. அத்தனை உடல்கள் ஒன்றாக அசையும்போது எந்த ஒன்றையும் குறிவைக்க முடியாமல் வேட்டை மீன் தடுமாறுவதுதான் இவை கூட்டமாக வாழ்வதற்கு முக்கியக் காரணம். இந்தக் காட்சிக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கேமரா இருந்தால் முதல் பத்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். நீட்டுக் கம்பியைக் கூட்டத்துக்குள் குத்திப் படமெடுப்பது மீனையும் கலைக்கும், பக்கத்தில் மிதக்கிறவர் பார்ப்பதையும் கெடுக்கும்.

முங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: தனியாக ஒருபோதும் வேண்டாம், மேலே ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவது ஆபத்து. அது ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டாது, மூச்சுக்குத் தவிக்கவைக்கும் கார்பன் டை ஆக்சைடைத்தான் குறைக்கிறது, எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். சாதாரணமாக இரண்டு மூச்சு, ஒரு நிறை மூச்சு, அவ்வளவுதான். காது வலிப்பதற்கு முன்பே, ஒரு மீட்டர் இறங்கும்போதே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், சளி இருந்தால் முங்கவே கூடாது. கூட்டத்தின் நடுவே பாயாமல் ஓரமாக இறங்கி, கீழிருந்து மேலே பாருங்கள், வெயிலை மறைத்துக்கொண்டு மீன்கள் ஓடும். ஏறும்போது ஒரு கையை மேலே நீட்டி, மேலே பார்த்தபடியே ஏறுங்கள். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் அதிக வேகத்தில் போவதால் படகு இன்ஜின் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. சத்தம் கேட்டால் மிதவைக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டு தலையைத் தூக்கிப் பாருங்கள்.

நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். கைடு கை காட்டுகிற பக்கம் போங்கள். கரையிலிருந்து வெளியே இழுக்கும் ஓட்டம் என்றால் கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகியபின் கரைக்குத் திரும்பலாம். மூச்சு வாங்கினால் மல்லாந்து படுத்து மிதங்கள், கையை ஆட்டி அழையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

வெப்பமான கடலாக இருந்தாலும் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். முக்கால் மணி நேரத்தில் உதடு நடுங்க ஆரம்பித்தால் வெளியே வந்துவிடுங்கள். கரையேறி, தண்ணீர் குடித்து, மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள். அன்றைக்கே காற்று கிளம்புவதற்குள் இன்னொரு முறை இறங்க முடியுமா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை மூச்சு தானாகவே அடங்கியிருக்கும், மாஸ்க் ஞாபகமே இருக்காது, கூட்டமும் முதல் முறையைவிடப் பக்கத்தில் வரும்.